இருபத்து மூணு நாளா நிக்காத சர்வர்

மூடு, திற. மூடு, திற. "அஞ்சு எண்ணி ஒரு தடவ பந்த அமுக்குங்க மேடம், ஊசியப் பாக்காதீங்க, பாத்தா மயக்கம் வரும்"னு சொல்லிட்டு நர்ஸ் ஸ்டெல்லா அடுத்த ரூமுக்குப் போயிட்டா. பாக்காதேன்னு சொன்னப்புறம் பாக்காம இருக்க நான் என்ன சாமியாரா, பாத்துட்டேன். மயக்கமெல்லாம் வரல. குழாய்ல போற ரத்தம் நான் நெனச்சதவிடக் கறுப்பா இருக்கு, அவ்வளவுதான். கட்டிலுக்குக் கீழே ஒரு மெஷின் அந்தப் பையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கு. நான் ரத்தம் குடுக்க வந்தவளே இல்ல. இந்த ரத்த வங்கிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் குடுத்த கம்பெனில இருந்து, அதச் சரி பண்ண, கோயமுத்தூர்ல ஆறரை மணி பஸ் புடிச்சு ஈரோட்டுக்கு வந்தவ. சரி பண்ணியாச்சு. மணி பத்தே முக்கால். பெரிய டாக்டர் பதினொண்ணுக்கு வந்து பாத்துக் கையெழுத்துப் போடணுமாம். அதுவரைக்கும் பெஞ்சுல உக்காந்து நகத்தக் கடிச்சுக்கிட்டிருந்தவளப் பாத்து, இங்க கம்ப்யூட்டர்ல பேர் பதியற சாந்தாமணியக்காதான் சொன்னாங்க, "ஏன் அம்மணி, சும்மா உக்காந்திருக்கறதுக்கு செத்த நேரம் படுத்துக்கலாமில்ல, ஒரு பாட்டில் குடுத்துட்டுப் போ." ஏதோ ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போன்னு சொல்ற மாதிரி. காலேஜ்ல ரெண்டு தடவ, சென்னை ஆபீஸ்ல ஒரு தடவ, ரத்தம் பத்தாதும்மா, கீரை சாப்பிடுன்னு திருப்பி அனுப்பப்பட்டவ நான். இன்னிக்கு விரல்ல குத்திப் பாத்தா பன்னெண்டு புள்ளி ஆறு. பன்னெண்டரை இருந்தா எடுத்துக்குவாங்களாம். புள்ளி ஒண்ணுல பாஸ். நான் பாஸ் பண்ணினதெல்லாமே இப்படித்தான், நூலிழையில. மூடு, திற. இங்கிருந்து தலையைக் கொஞ்சம் சாய்ச்சா அக்காவோட மேஜை தெரியுது. கம்ப்யூட்டர், அதுல நான் எழுதின ஃபார்ம். பக்கத்துல ஒரு மைசூர்பாகு டப்பா. டப்பாக்கு அடியில ஒரு வெள்ளைக் காகிதம், ஃபேன் காத்துல அதோட ஓரம் மட்டும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருது. அந்தக் காகிதத்த நான் பாக்கக் கூடாது. ஊசியப் பாக்கலாம், அதப் பாக்கக் கூடாது.

போன செவ்வாக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு, பிரசவத்துக்கு வந்த ஒரு பொண்ணுக்கு ரத்தப் போக்கு நிக்கல. ஓ குரூப்புன்னு நெனச்சு ஓ ரத்தம் எடுத்துப் பொருத்திப் பாத்திருக்காங்க, எந்தப் பையும் பொருந்தல. அப்புறம்தான் தெரிஞ்சுது அது ஓ இல்ல, பாம்பே குரூப்னு. பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்கு இருக்குமாம். அந்த ஒருத்தருக்கு அதே மாதிரி இன்னொருத்தர்தான் குடுக்கணும், வேற யாரோடதும் ஆகாது. நல்லவேளை, அந்த மாதிரி ஆள்களத் தேடத்தான் என்னோட ஃபார்ம் இருக்கு. மேல இருக்கற கட்டத்துல ரத்த குரூப்பத் தேர்ந்தெடுத்தா கீழ இருக்கற கட்டத்துல அந்த குரூப்காரங்க பேரெல்லாம் வரிசையா விழும், டேட்டாபேஸ்ல இருந்து வந்து விழும், பேரைத் தொட்டா ஃபோன் நம்பர் வரும். இத டெமோ காட்டினன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்க. செவ்வாக்கிழமை அக்கா பாம்பேன்னு தேர்ந்தெடுத்தாங்க. கீழ கட்டம் காலி. மறுபடி தேர்ந்தெடுத்தாங்க. காலி. மூணாவது தடவையும் காலி. பெரிய டாக்டர் கோயமுத்தூருக்கும் சேலத்துக்கும் ஃபோன் போட்டுக்கிட்டிருக்காரு, அந்தப் பொண்ணோட புருஷன் வாசல்ல நிக்கறான். அக்காக்கு மட்டும் ஒரு விசயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்திருக்கு. ஒம்போது நாளுக்கு முன்னாடி பெருந்துறைப் பக்கம் பட்டறைக்காரங்க சங்கம் நடத்தின, ரத்த குரூப் மட்டும் பாக்கற முகாம்ல ஒருத்தருக்குப் பாம்பேன்னு ரிசல்ட் வந்துச்சே, நான்தானே பதிஞ்சேன், என்ற கையாலதானே அடிச்சேன், அவரு பேரு என்னமோ நாகத்துல ஆரம்பிக்குமேன்னு. பேரு ஏன் ஞாபகம் இருக்குன்னா, உங்க குரூப்பு பாம்பேன்னு சொன்னதும் அந்த மனுஷன் சொன்னாராம், "பம்பாயா? நான் பவானியத் தாண்டினதில்லீங்களே." அக்கா அன்னிக்கு அதுக்குச் சிரிச்சிருக்காங்க. அந்தச் சிரிப்புதான் ஒரு உசுரக் காப்பாத்துச்சு. சங்கத்துத் தலைவருக்கு ஃபோன் போட்டு, அவர் இன்னொருத்தருக்குப் போட்டு, நாப்பது நிமிஷம். நாகமாணிக்கம் லேத் மிஷின அப்படியே விட்டுட்டுக் கையில கிரீசோட பைக்குல வந்து இறங்கினாராம். அதே கட்டில்தான். நான் இப்ப படுத்திருக்கற இதே கட்டில். பொண்ணும் பொழைச்சா, குழந்தையும் பொழைச்சுது. அந்த மைசூர்பாகு அவங்க வீட்டுதுதான். காலையில அவ புருஷன் கொண்டுவந்து, "அந்த அக்காவுக்கு"ன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனான். நானும் ஒண்ணு தின்னேன். வாய்க்குள்ள போட்டப்புறம்தான் இத எப்படித் திங்கறேன்னு தோணுச்சு. துப்ப முடியல, முழுங்கிட்டேன். இன்னும் நெய் வாசனை வருது, தொண்டையில நிக்குது.

கட்டம் ஏன் காலியா இருந்துச்சு. அது எனக்குத் தெரியும். இந்த உலகத்துல அது தெரிஞ்சது ரெண்டே பேருக்கு, எனக்கும் எங்க கம்பெனி லோகநாதன் சாருக்கும். ஒரே ஒரு வரி. டேட்டாபேஸ்ல இருந்து பேரையெல்லாம் எடுத்து அந்தக் கட்டத்துக்குள்ள போடுன்னு சொல்ற வரி. பைத்தான்ல அந்த வரிய ஃபார்மோட வரையறைக்குள்ளயே நேரா எழுதிட்டா, அது ஒரே ஒரு தடவதான் ஓடும், சர்வர் எந்திரிக்கும்போது. அப்போ என்னென்ன பேர் இருந்துச்சோ அதுதான் கடைசிவரைக்கும். அப்புறம் நூறு பேர் புதுசா வந்தாலும் டேட்டாபேஸ்ல சமத்தா உக்காந்திருப்பாங்க, லிஸ்ட்டுக்கு வரமாட்டாங்க. காலையில மெஸ்ஸுல பலகையில பொங்கல் வடைன்னு எழுதிட்டு ராத்திரி வரைக்கும் அழிக்காம வெச்சிருக்கற கதைதான். ஒவ்வொரு தடவ ஃபார்மைத் திறக்கும்போதும் போய்க் கேளுன்னு எழுதியிருக்கணும். அது நாலு வரி கீழ, வேற இடம். எழுதத் தெரியாதவ இல்ல நான். ஆனா அன்னிக்கு அந்த வரிய எங்கயோ ஒரு கேள்வி பதில் பக்கத்துல இருந்து எடுத்து ஒட்டினேன். அந்தப் பதில எழுதினவன் யாரோ, எந்த ஊரோ, மூணு வரி எழுதிட்டு நாலாவது வரியில தெளிவா எழுதியிருக்கான், கவனம், இது ஒரே ஒரு தடவதான் ஓடும்னு. நான் மூணு வரிதான் படிச்சேன். லிஸ்ட் ஏன் சரியா வரலைன்னு தோண்டப் போய், போன வியாழக்கிழமை அதே பக்கத்தத் திறந்து அந்த நாலாவது வரியப் படிச்சப்போ காதெல்லாம் சூடாயிருச்சு. அவன்மேல கோபம் வரல. முன்னப்பின்ன தெரியாத எனக்காக ஒருத்தன் உக்காந்து எச்சரிக்கை எழுதி வெச்சிருக்கானே, அதுவும் சும்மா, ஒரு நன்றி கூட வாங்கிக்காம. ஒம்போது வருஷம் வேலைய விட்டுட்டு வீட்டுல கெடந்தவ, பொண்ணு ஸ்கூலுக்குப் போனப்புறம் சமையல்கட்டு மேடையில லேப்டாப்ப வெச்சுக்கிட்டு மறுபடி கத்துக்கிட்டதெல்லாம் இப்படிப்பட்ட ஆளுங்க கிட்டதான். ஒருத்தர் மூஞ்சிகூடத் தெரியாது. அவங்க புண்ணியத்துலதான் எனக்கு இந்த வேலை. அந்த வேலைய அவங்க சொன்னதப் பாதி படிச்சே கெடுத்தேன்.

இதுல இன்னொரு கூத்து. இந்தத் தப்பு எட்டு மாசமா அங்கதான் இருந்துச்சு, யாருக்கும் தெரியல. ஏன்னா முன்னெல்லாம் அந்த சர்வர் தினம் ஒரு தடவ படுத்துக்கும். மெமரி நெறஞ்சு தானா விழுந்து தானா எந்திரிக்கும். எந்திரிக்கறப்போ எல்லாப் பேரையும் புதுசா எடுத்துக்கும். படுத்தது தப்பு, ஆனா அந்தத் தப்புதான் இந்தத் தப்ப மறைச்சு வெச்சிருந்துச்சு. போன மாசம் லோகநாதன் சார், "பூங்கோதை, அது ஏன் தினம் விழுதுன்னு பாருங்க"ன்னாரு. ரெண்டு நாள் முட்டி மோதிக் கண்டுபுடிச்சேன். சரி பண்ணினேன். அப்புறம் சர்வர் விழவே இல்ல. ஒரு நாள், ரெண்டு நாள், பத்து நாள். ஆபீஸ் வெள்ளைப் பலகையில தினம் காலையில வந்து நம்பர மாத்தி எழுதுவேன், வெக்கமே இல்லாம. இருபத்து மூணுன்னு எழுதின அன்னிக்குதான் செவ்வாக்கிழமை. இருபத்து மூணு நாள் நிக்காம ஓடுதுன்னு சார் எல்லாருக்கும் முன்னாடி சொன்னாரு. நான் சந்தோசத்துல வீட்டுக்குப் பால்கோவா வாங்கிட்டுப் போகலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். அந்த இருபத்து மூணு நாளா இங்க முகாம் முகாமா புதுசா வந்த ஒருத்தர் பேரும் லிஸ்ட்டுல ஏறல. நாகமாணிக்கம் மட்டுமில்ல, எழுபத்தி ஒரு பேர். நான் நல்லா வேலை செஞ்சதுதான் கேடு. இத யார்கிட்ட சொல்லி அழறது. மூடு, திற. ஸ்டெல்லா எட்டிப் பாத்து, "பாதிக்கு மேல ஆச்சு மேடம், நல்லாத்தான் ஓடுது"ங்கறா. நல்லாத்தான் ஓடுது.

அந்தச் செவ்வாக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு முன்னாடி இங்கிருந்து யாரோ எங்க ஆபீசுக்கு ஃபோன் போட்டு லிஸ்ட் சரியா வரலைன்னு சொன்னாங்க. நான்தான் எடுத்தேன். உசுர் போற விசயம்னு அவங்க சொல்லல, நானும் கேக்கல. எங்க ஆபீஸ்ல எந்தச் சீக்குக்கும் முதல் மருந்து ஒண்ணுதான், ரீஸ்டார்ட். யோசிக்காம ஒரு பட்டனத் தட்டினேன். இருபத்து மூணு நாள் போச்சேன்னு அதுக்கு வேற வருத்தப்பட்டேன், அட பாவி. நாலரைக்குப் பெரிய டாக்டர் கதிரேசன் வந்து கம்ப்யூட்டர்ல பாத்திருக்காரு. பாம்பேன்னு தேர்ந்தெடுத்தாரு. நாகமாணிக்கம், பெருந்துறை. முதல் பேரே அதான். "இருக்கே சாந்தாமணி. இதோ இருக்கே. நாப்பது நிமிஷம் எதுக்குங்க ஊரெல்லாம் ஃபோன் போட்டீங்க? கண்ணு தெரியலையா?" அக்கா குனிஞ்சு பாத்திருக்காங்க. இருந்துச்சு. மூணு தடவ பாத்தப்போ இல்லாத பேரு இருந்துச்சு. ஒரு உசுரக் காப்பாத்தின பொம்பளைக்கு மறுநாள் மெமோ வந்துச்சு, பட்டியலில் பெயர் இருந்தும் கவனிக்கத் தவறியதற்கு விளக்கம் தரவும்னு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு கண்ணுல புரை எடுத்தவங்க. இன்னொண்ணும் போயிருச்சு போலன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. காலையில நான் வந்து உக்காந்ததும் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே சொன்னாங்க, "செவ்வாக்கிழமைல இருந்து நான் வண்டியத் தொடறதில்ல அம்மணி. லிஸ்ட்டுல ஒரு பேரு தெரியாதவளுக்கு ரோட்டுல ஒரு குழந்தை குறுக்க வந்தாத் தெரியுமா? பஸ்ஸுலதான் வாறேன். பால்காரரு விலைக்குக் கேட்டாரு, இன்னிக்குச் சாயந்தரம் வந்து வண்டிய எடுத்துக்கறேன்னிருக்காரு." பதினேழு வருஷமா அந்த ஸ்கூட்டர்லதான் வந்தாங்களாம். வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாதாம், பின்னாடி உக்காந்துதான் வருவாராம், அதச் சொல்லும்போது மட்டும் லேசாச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் அந்தக் காரியம் நடந்துச்சு. "நீ கம்ப்யூட்டர்காரிதானே, எனக்கு இந்த விளக்கத்தக் கொஞ்சம் தமிழ்ல அடிச்சுக் குடு, என்ற கையெழுத்து கோழி கிளறினாப்ல இருக்கும்"னு ஒரு துண்டுச் சீட்ட நீட்டினாங்க. நான் அடிச்சேன். அய்யா, வணக்கம். என் கண்பார்வைக் குறைவினால் பட்டியலில் இருந்த பெயரைக் கவனிக்கத் தவறிவிட்டேன். என் கவனக்குறைவுக்கு மனமார வருந்துகிறேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சு, பிரிண்ட் எடுத்து, கையில குடுத்தேன். "நல்லா இருக்குது கண்ணு"ன்னாங்க. அந்தக் காகிதம்தான் டப்பாக்கு அடியில.

வியாழக்கிழமையே லோகநாதன் சார்கிட்ட சொன்னேன். சொல்லாம இல்ல. அவர் கதவச் சாத்திட்டு, "நேர்ல போய் மாத்திட்டு வந்திருங்க, கேட்டா வெர்ஷன் அப்டேட்னு சொல்லுங்க, அவங்க ஒண்ணும் நம்மளக் குத்தம் சொல்லலையே, நாமளா ஏன் போய்த் தலையக் குடுக்கணும்"ன்னாரு. கெட்டவர் இல்ல அவரு. எத்தனையோ கம்பெனியில ஒம்போது வருஷம் என்ன பண்ணினீங்கன்னு ஒரு மாதிரி பாத்தப்போ, இவர் ஒருத்தர்தான் அந்த ஒம்போது வருஷத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம, இந்தக் கணக்கப் போட்டுக் காட்டுங்கன்னு பேப்பரக் குடுத்தாரு. அந்த நன்றி எனக்கு இருக்கு, சாகறவரைக்கும் இருக்கும். அதான் சிக்கல். அவருக்கு நன்றியா இருந்தா இவங்களுக்குத் துரோகம். இவங்களுக்கு நன்றியா இருந்தா அவருக்கு. ஆனா நான் எதுக்கு சாந்தாமணியக்காவுக்கு நன்றியா இருக்கேன்னு எனக்கு ராவும் பகலும் தெரியுது. அவங்க மட்டும் லிஸ்ட்ட நம்பிட்டு, இல்லீங்க டாக்டர் யாரும் இல்லன்னு கையக் கழுவியிருந்தா? யாரும் அவங்களக் குத்தம் சொல்லியிருக்க முடியாது. ஸ்கிரீன்லயே இல்லையே. அந்தப் பொண்ணு இருந்திருக்க மாட்டா. அவ பேருகூட எனக்குத் தெரியாது, கேக்கவும் பயம். என் பொண்ணு கவின்மலர் பொறந்தப்போ எனக்கும் ரத்தம் ஏத்தினாங்க, ரெண்டு பை, யாரோடதோ. அது யாருன்னு நான் ஒரு நாளாவது நெனச்சேனா. இல்ல. இப்போ ஊசி குத்திப் படுத்திருக்கும்போதுதான் நெனப்பு வருது. யாரோ ரெண்டு பேர் எங்கயோ இப்படிப் படுத்து பந்த அமுக்கியிருக்காங்க. நான் கொலைகாரி ஆகாம இருக்கறதுக்கும் ஒருத்தி காரணம், அவ பத்தடி தூரத்துல மூக்குக்கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் கழட்டிக்கிட்டு ஒரு பேனாவோட மூடியத் தேடிக்கிட்டிருக்கா. மேஜை மேலயே இருக்கு அந்த மூடி, அவங்களே பாத்துடுவாங்க, கண்ணு நல்லாத்தான் இருக்கு அவங்களுக்கு. நான் சொல்லாம விட்டா நாளைக்கு டாக்டர் அந்தக் காகிதத்த ஃபைல்ல போடுவாரு, அடுத்த மாசம் அக்காவோட கான்ட்ராக்ட் புதுப்பிக்கற நேரத்துல அந்த ஃபைல் திறக்கும். அதுக்கு முன்னாடியே இன்னிக்குச் சாயந்தரம் வண்டி போயிரும். சொன்னா நான் போயிருவேன். மறுபடி சமையல்கட்டு மேடை. மறுபடி அந்த ஒம்போது வருஷம், ஆனா இப்போ பத்துன்னு சொல்லணும். எப்படியாவது ஒரு வழி, ரெண்டு பேருமே தப்பிக்கற மாதிரி, யாரையும் சொல்லாம, சர்வர் மேல பழியப் போட்டு, கரண்டு மேல போட்டு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறேன். கரண்டு போகவே இல்ல அன்னிக்கு. ஒண்ணும் நிக்கல.

வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. டாக்டரோன்னு பாத்தா அவர் இல்ல, ஸ்டெல்லா. ஆனா அந்தச் சத்தத்துக்கு அக்கா என்ன பண்ணினாங்கன்னா, விருட்டுனு எந்திரிச்சு நின்னு டப்பாவ நகத்திட்டு அந்தக் காகிதத்தக் கையில எடுத்து நேரா வெச்சுக்கிட்டாங்க, பரீட்சைப் பேப்பர் மாதிரி. அதப் பாத்ததும் நான் யோசிச்சுக்கிட்டிருந்ததெல்லாம் எங்கயோ போயிருச்சு. "அக்கா"ன்னேன். "சொல்லு கண்ணு, மயக்கமா வருதா?" "இல்லக்கா. இங்க வாங்க." வந்தாங்க. ஒரு கை கட்டிப் போட்டிருக்கு, எந்திரிக்க முடியாது, படுத்துக்கிட்டேதான் சொல்லணும். "அக்கா, உங்க கண்ணுல ஒண்ணுமே இல்ல. செவ்வாக்கிழமை நீங்க பாத்தப்போ அந்தப் பேரு அங்க இல்ல. மூணு தடவையும் இல்ல. நான் எழுதினதுல தப்பு. சர்வர் எந்திரிக்கறப்போ ஒரு தடவ எடுத்த பேர்தான் அதுல நிக்கும், புதுசா வந்தது வராது. நான் நாலு மணிக்கு ரீஸ்டார்ட் பண்ணினேன், அதனாலதான் டாக்டர் பாக்கறப்போ வந்துச்சு. நீங்க பாத்தது சரி." அக்கா அந்தக் காகிதத்தையே பாத்தாங்க. புரியலையா. மறுபடி சொன்னேன், மெஸ் பலகைய வெச்சுச் சொன்னேன். "எப்போ தெரியும் உனக்கு?" "வியாழக்கிழமை." "இத அடிச்சுக் குடுத்தியே காலையில, அப்பவும் தெரியும்." "தெரியும்க்கா." பந்து கையில இருந்து நழுவி உருண்டு போயிருச்சு. அக்கா குனிஞ்சு எடுத்தாங்க. கட்டிலுக்கு அடியில, அந்த மெஷினுக்குப் பின்னாடி, இருட்டா இருக்கற எடத்துல இருந்து ஒரே தடவையில எடுத்தாங்க. எடுத்து என் உள்ளங்கையில வெச்சு என் வெரல்களை மூடிவிட்டாங்க. "அமுக்கு. நின்னுடப் போகுது"ன்னாங்க. மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் சுவத்தப் பாத்துக்கிட்டு, "ஆறு நாளா என்ற கண்ண நானே சந்தேகப்பட்டேன் அம்மணி. அரிசியில கல்லு பொறுக்கறதுக்கு மருமவளக் கூப்பிட்டேன்"னாங்க. எனக்கு அழுகை வந்துச்சு. படுத்துக்கிட்டு அழுதா கண்ணீர் காதுக்குள்ள போகுது, ரொம்ப அசிங்கமா இருக்கும்.

டாக்டர் பதினொண்ணு அஞ்சுக்கு வந்தாரு. அப்போ ஸ்டெல்லா ஊசிய எடுத்துட்டுப் பஞ்ச வெச்சு மடக்கிப் புடிக்கச் சொல்லியிருந்தா. அதே படுக்கையில அதே கதைய மூணாவது தடவ சொன்னேன். மூணாவது தடவ ரொம்பச் சுருக்கமா வந்துச்சு. கதிரேசன் டாக்டர் அதிர்ந்து பேசல, நான் எதிர்பாத்த மாதிரி கத்தல. "வியாழக்கிழமையே ஏன் சொல்லலைங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. இதுக்கு நான் பஸ்ஸுல பத்துப் பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன். "பயமா இருந்துச்சு சார்"னு ஒண்ணுதான் வந்துச்சு. ஒரு வெள்ளைப் பேப்பர எடுத்து நீட்டினாரு. "இப்போ சொன்னத எழுதிக் குடுங்க. உங்க கம்பெனிக்கும் அனுப்பத்தான் வேணும், அத நான் மறைக்க முடியாது." "அனுப்புங்க சார்." அப்புறம் அக்கா கையில இருந்த காகிதத்த வாங்கிப் படிச்சாரு. முழுசும் படிச்சாரு. நாலா மடிச்சு அவங்க கையிலேயே திருப்பிக் குடுத்தாரு. "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கண்ணு தெரியலையான்னு கேட்டுட்டேன் சாந்தாமணி. கேட்டிருக்கக் கூடாது." அக்கா சொன்னாங்க, "மனசுக்கு ரொம்பச் சங்கடமாத்தான் இருந்துச்சுங்க டாக்டர்." பரவால்லைன்னு சொல்லல. நானா இருந்தா சொல்லியிருப்பேன். அவர் தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. என் பையில ஃபோன் அடிச்சுது. லோகநாதன் சாரா இருக்கும். இருக்கட்டும். எடுத்து என்ன சொல்லணும்னு தெரியும், அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்றேன். பயம் போகல. அப்படியே இருக்கு. ஆனா அந்த நெய் வாசனை மட்டும் தொண்டையில இருந்து எறங்கிருச்சு.

பழ ஜூஸும் பிஸ்கட்டும் குடுத்தாங்க. பெஞ்சுல உக்காந்து குடிச்சுக்கிட்டிருக்கேன். அக்கா கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்து, "பேரு?"ங்கறாங்க, என்னத் தெரியாதவங்க மாதிரி. "பூங்கோதைக்கா." "முழுப் பேரு." "பூங்கோதை செல்வராஜ்." "வயசு?" "முப்பத்தியெட்டு." ஊரு, ஃபோன் நம்பர், ஓ பாசிட்டிவ். ஒவ்வொரு எழுத்தா ஒத்த வெரல்ல அடிக்கறாங்க. சேமின்னு இருக்கற பட்டன அமுக்கினாங்க. அமுக்கிட்டு, நான் சொல்லாமயே, அந்த இன்னொரு ஃபார்மைத் திறந்தாங்க. நான் டம்ளர வெச்சுட்டு எந்திரிச்சேன். காலையில நானே நாலு தடவ சோதிச்சுப் பாத்ததுதான், சும்மா ஒரு பேரப் போட்டு, வருதான்னு பாத்து, அழிச்சு. இருந்தாலும் அக்காவோட முதுகுக்குப் பின்னாடி போய் நின்னேன். சர்வர யாரும் தொடல. ரீஸ்டார்ட் இல்ல. மேல் கட்டத்துல ஓ பாசிட்டிவ் தேர்ந்தெடுத்தாங்க. கீழ் கட்டம் விரிஞ்சுது, நீளமா, பேர் பேரா, முகாமுல வந்தவங்க, பட்டறைக்காரங்க, காலேஜ் பசங்க, நான் பாத்தே இருக்காத முந்நூறு பேர். அக்கா மெதுவா நகத்திக்கிட்டே போனாங்க. ப வரிசைக்கு வந்ததும் நின்னாங்க. இருந்துச்சு. பூங்கோதை செல்வராஜ், கோயமுத்தூர். எனக்கு முன்னாடி அவங்கதான் கண்டுபுடிச்சாங்க, திரையில வெரல வெச்சுக் காட்டினாங்க. எத்தனையோ இடத்துல என் பேரப் பாத்திருக்கேன், மார்க் ஷீட்டுல, கல்யாணப் பத்திரிகையில, ரேஷன் கார்டுல. இப்படி ஒரு வரிசையில, யாருக்காவது வேணும்னா கூப்பிடலாம்னு நிக்கற இடத்துல, இதுதான் முதல் தடவ. அக்கா இன்னொரு தடவ மூடித் திறந்து பாத்தாங்க. இருந்துச்சு. அப்புறம் ஃபோன எடுத்து, கண்ணாடிய நெத்திக்கு மேல ஏத்திவிட்டுக்கிட்டு நம்பர் அடிச்சாங்க. "ஏனுங்க, நான்தான். சாயந்தரம் பால்காரரு வந்தாருன்னா வண்டி குடுக்கறதில்லைன்னு சொல்லிப்போடுங்க. ஆமாங்க. நாளைக்கு எனக்கு வேணும்."